மேக்ரோ பழக ஒரு பள்ளிக்கூட ஸ்கேல் போதும், லென்ஸ் அப்புறம் வாங்கலாம்

மேக்ரோ போட்டோ, அதாவது பூச்சி, பூ மாதிரி சின்னப் பொருளை மிகக் கிட்டே போய்ப் பெரிதாக எடுக்கும் படம், எடுக்க ஆசைப்படுகிற எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது "எந்த லென்ஸ் வாங்கலாம்ணே?" என்பதுதான். பட்ஜெட் என்ன என்று நான் பதிலுக்குக் கேட்பதில்லை. வீட்டில் ஸ்கேல் இருக்கா என்று கேட்பேன். பிள்ளைகள் ஜியாமெட்ரி பாக்ஸில் கிடக்கும் 15 சென்டிமீட்டர் ஸ்கேல் போதும். கையில் இருக்கும் கேமராவில் கூட வந்த கிட் லென்ஸை மாட்டி, ஆட்டோஃபோகஸை அணைத்து, எவ்வளவு கிட்டே ஃபோகஸ் ஆகுமோ அவ்வளவு கிட்டே போய் அந்த ஸ்கேலை ஒரு படம் எடுங்கள். படத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது என்று எண்ணுங்கள். உங்கள் சென்சாரின் அகலத்தை அந்த எண்ணால் வகுத்தால் வருவதுதான் உருப்பெருக்கம்.

சென்சார் (படம் பதிவாகும் சில்லு) அகலம், பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் 36 மி.மீ. நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும், அதைவிடச் சின்ன சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராக்களில் நிக்கான், சோனி என்றால் சுமார் 23.5, கேனன் என்றால் சுமார் 22.3. சாதாரண 18-55 கிட் லென்ஸில் ஆறிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர் வரை தெரியும், அதாவது பொருளின் நிஜ அளவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் வரை சென்சாரில் விழுகிறது. 23.5 மி.மீ. மட்டும் தெரிந்தால் அது ஒன்றுக்கு ஒன்று, 1:1. மேக்ரோ லென்ஸ் என்று விற்கும் பெரும்பாலான லென்ஸ்கள் அந்த அளவு வரை போகும். (நிக்கான்காரர்கள் இதையே மைக்ரோ லென்ஸ் என்பார்கள், கடையில் கேட்கும்போது குழம்ப வேண்டாம்.) இந்த ஸ்கேல் கணக்கை முதல் நாளே செய்துவிட்டால், பிறகு எந்த டியூப், எந்தக் கண்ணாடி வாங்கினாலும் அது நிஜமாக எவ்வளவு பெரிதாக்குகிறது என்று நீங்களே அளந்து கொள்ளலாம், அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டியதில்லை.

அடுத்த பாடமும் அதே ஸ்கேலில்தான். ஸ்கேலை ஒரு புத்தகத்தில் 45 டிகிரி சாய்த்து வைத்து நடுக்கோட்டில் ஃபோகஸ் செய்து எடுங்கள். எத்தனை கோடு ஷார்ப்பாக இருக்கிறது என்று பாருங்கள். மற்ற போட்டோகிராஃபியிலிருந்து மேக்ரோ பிரியும் இடம் இதுதான். ஏபிஎஸ்-சி கேமராவில் 1:1 அளவில் அபெர்ச்சரை (லென்ஸின் உள்ளே ஒளி வரும் துளை, எஃப் எண் கூடினால் துளை சுருங்கும்) எஃப் 8 வைத்தால் ஷார்ப்பாகக் கிடைக்கும் ஆழம் மொத்தமே ஏறக்குறைய 0.6 மி.மீ. உங்கள் ஏடிஎம் கார்டின் தடிமன் 0.76 மி.மீ., அதைவிட மெல்லிசு. பாதி அளவுக்கு, அதாவது 1:2-க்கு இறங்கினால் அது 2 மி.மீ. ஆகிறது. இரண்டு மடங்குக்கு ஏறினால் கால் மில்லிமீட்டர். ஒரு ஈயின் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் அதன் இறக்கை மங்கிப்போவது உங்கள் கைக்கோளாறு கிடையாது, இந்தக் கணக்குதான் காரணம்.

"அப்போ அபெர்ச்சரை எஃப் 22-க்கு மூடிட்டா ஆழம் கூடுமே?" கூடும்தான், ஆனால் படம் முழுக்கக் கொழகொழவென்று ஆகிவிடும். கிட்டே போகப் போக லென்ஸ் சென்சாரிலிருந்து விலகுகிறது, அதனால் எழுதியிருக்கும் எஃப் எண்ணைவிட நிஜ எண் கூடிவிடுகிறது. கணக்கு ரொம்ப எளிது: உருப்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டி, எஃப் எண்ணைப் பெருக்குங்கள். 1:1-இல் எஃப் 11 என்பது நிஜத்தில் எஃப் 22. எஃப் 22 என்பது எஃப் 44. அவ்வளவு சின்னத் துளை வழியாக வரும் ஒளி அலை பரவி விளிம்புகளை மழுங்கடித்துவிடும், டிஃப்ராக்‌ஷன் என்பது இதுதான். நான் பழக்கத்தில் வைத்திருப்பது: 1:1-இல் எஃப் 8 முதல் 11 வரை, இரண்டு மடங்கில் எஃப் 5.6 அல்லது கொஞ்சம் மேலே. நிக்கானில் அவர்களுடைய மேக்ரோ லென்ஸை மாட்டினால் கிட்டே போகும்போது கேமராவே எண்ணை மாற்றிக் காட்டும், கேனனில் அப்படி மாறாது. இரண்டு கேமராக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று செட்டிங்கை ஒப்பிட்டுக் குழம்புவது பெரும்பாலும் இதனால்தான்.

இதே கணக்கில் வெளிச்சமும் போகிறது. 1:1-இல் சென்சாருக்கு வருவது கால் பங்கு வெளிச்சம், இரண்டு மடங்கில் ஒன்பதில் ஒரு பங்கு. சித்திரை வெயிலில் நின்றாலும் மேக்ரோவில் வெளிச்சம் போதாது என்று ஏன் தோன்றுகிறது என்பது இப்போது புரியும். அதனால்தான் கையில் காசு இருந்தால் முதல் செலவு லென்ஸுக்கு வேண்டாம், ஃபிளாஷுக்குச் செய்யுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

சரி, பெரிதாக்குவதற்கு என்ன வழி? மூன்று சிக்கன வழிகள் உண்டு. எக்ஸ்டென்ஷன் டியூப் என்பது உள்ளே கண்ணாடியே இல்லாத வெறும் குழாய், லென்ஸை முன்னே தள்ளி வைக்கும், அவ்வளவுதான். டியூபின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் (லென்ஸில் 50 மி.மீ. என்று எழுதியிருக்கும் எண்) வகுத்தால் கூடுதல் பெருக்கம் கிடைக்கும். 12, 20, 36 என்று மூன்று டியூப் சேர்ந்து வரும் செட்டை மொத்தமாக ஒரு 50 மி.மீ. லென்ஸில் மாட்டினால் 68-ஐ 50-ஆல் வகுக்க, 1.36. எல்லோரிடமும் இருக்கும் மலிவான 50 மி.மீ. லென்ஸுக்கு இது பெரிய விஷயம். ஆனால் கேமராவிலிருந்து லென்ஸின் அபெர்ச்சரை மாற்ற உதவும் எலெக்ட்ரிக் காண்டாக்ட் இருக்கிற டியூபாகப் பார்த்து வாங்குங்கள். நான் முதலில் ஆன்லைனில் வாங்கியதில் காண்டாக்ட் இல்லை, விளம்பரத்தில் இருப்பதாகப் போட்டிருந்தார்கள், திருப்பி எடுக்கவும் இல்லை. மூன்று வாரம் எடுத்த அத்தனை படத்திலும் எறும்பின் ஒரு மீசை மட்டும் ஷார்ப், மற்றதெல்லாம் பனிமூட்டம். காண்டாக்ட் இல்லாவிட்டால் கேனன் லென்ஸின் அபெர்ச்சர் முழுசாகத் திறந்தே நிற்கும், நிக்கானின் ஜி வகை (அபெர்ச்சர் வளையம் இல்லாத) லென்ஸ் நேரெதிராக முழுசாக மூடிக்கொண்டு வியூஃபைண்டரே இருட்டாகிவிடும். இது தெரியாமல் நான் என் கையையே சந்தேகப்பட்டுக் கொண்டிருந்தேன்.

இரண்டாவது, லென்ஸைத் தலைகீழாக மாட்டும் ரிவர்சல் ரிங். விலை மிகக் குறைவு, தரம் ஆச்சரியப்படுத்தும். 50 மி.மீ. லென்ஸைத் திருப்பினால் ஏறக்குறைய நிஜ அளவை ஒட்டி வரும், 28-ஐத் திருப்பினால் இரண்டு மடங்கை ஒட்டி. கிட் லென்ஸை 18-இல் வைத்துத் திருப்பினால் ஆரம்பக்காரருக்குத் தாங்காது, எதைப் பார்க்கிறோம் என்றே தெரியாது. இதற்கு ஃபிலிம் காலத்து லென்ஸ்தான் சரி, அபெர்ச்சர் வளையம் லென்ஸிலேயே இருக்கும், விரலால் திருப்பிக் கொள்ளலாம். ஸ்டுடியோ வைத்திருந்தவர்கள் வீட்டுப் பரணில் இன்னும் நிறையத் தூங்குகின்றன, கேட்டுப் பாருங்கள், பூஞ்சை பிடிக்காததாகப் பார்த்து எடுங்கள்.

மூன்றாவது ரேநாக்ஸ் டிசிஆர்-250 மாதிரி லென்ஸுக்கு முன்னால் கிளிப் போட்டு மாட்டும் கண்ணாடி. 55-250, 70-300 ஜூம் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். அதன் குவியத் தூரம் 125 மி.மீ., அதனால் லென்ஸை 125-இல் வைத்தால் 1:1, 250-இல் வைத்தால் இரண்டு மடங்கு. ஜூம் வளையத்தைத் திருப்பினாலே பெருக்கம் மாறுகிறது, டியூப் மாதிரி வெளிச்சமும் குறைவதில்லை. கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் அடுத்த நிமிடமே மரங்கொத்தியை எடுக்கலாம். பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் இடைவெளி கிடைப்பதால் பூச்சியும் மிரளாது. ஒற்றைக் கண்ணாடியில் வரும் மலிவான "+10" ஃபில்டர்களை மட்டும் வாங்காதீர்கள், ஓரமெல்லாம் ஊதாவும் பச்சையுமாக வழியும்.

இப்போது வெளிச்சம். இதில்தான் நீங்கள் அதிக நாள் செலவழிக்க வேண்டும், நானும் அதனால்தான் இதை நீட்டி எழுதுகிறேன்.

கேமரா மேனுவல் மோடில், ஷட்டர் 1/200 நொடி, ஐஎஸ்ஓ (சென்சார் ஒளியை உணரும் திறன்) 100 அல்லது 200, எஃப் 8 முதல் 11, ஃபிளாஷ் மேனுவலில் 1/16 பவர். இது தொடக்கப் புள்ளி, மாற்றிக் கொள்ளலாம். இந்த நிலையில் படத்தை எழுதுவது ஷட்டர் கிடையாது, ஃபிளாஷ்தான். குறைந்த பவரில் ஃபிளாஷ் எரிவது நொடியில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே, அதனால் கை நடுக்கமும் செடியின் ஆட்டமும் அதில் உறைந்து நின்றுவிடும். ஆனால் வெறும் ஃபிளாஷை நேராக அடித்தால் வண்டின் முதுகில் ஒரு வெள்ளைப் பொட்டும் மீதியெல்லாம் கறுப்புமாக வரும். அதை மென்மையாக்க டிஃப்யூசர் வேண்டும். பால் நிற பிளாஸ்டிக் ஃபைல் கவர் ஒன்று, டிரேசிங் பேப்பர் ஒன்று, கருப்பு டேப், ஸ்டேஷனரி கடையில் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஃபைல் கவரை வளைத்து லென்ஸின் மேலே கூரை மாதிரி, அதன் முன்விளிம்பு லென்ஸைத் தாண்டி நீளும்படி கட்டுங்கள். ஃபிளாஷுக்குப் பக்கத்தில் டிரேசிங் பேப்பர் ஒரு அடுக்கு, அப்புறம் மூன்று நான்கு விரல் இடைவெளி, அப்புறம் ஃபைல் கவர். அந்த இடைவெளியில்தான் ஒளி பரவி இரண்டாவது தாள் முழுக்க ஒரே சீராக ஒளிரும். இரண்டையும் ஒட்டி வைத்தால் வெளிச்சம் குறையுமே தவிர மென்மையாகாது. டிஃப்யூசர் பூச்சிக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு நல்லது, பூச்சியின் கண்ணுக்கு அது வானம் மாதிரி பெரிதாக இருக்க வேண்டும்.

இதைச் சோதிக்க ஓடுகிற பூச்சி வேண்டாம். நான் குண்டுமணியை வைத்துப் பழகினேன். வேலியில் காய்த்துக் கிடக்கும் அந்தச் சிவப்பும் கறுப்புமான விதை, பளபளப்பிலும் வளைவிலும் அப்படியே ஒரு பொறிவண்டு முதுகு. (கடித்து விழுங்கினால் கடும் விஷம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்துக் கொள்ளுங்கள்.) மேசையில் ஒரு இலைமேல் குண்டுமணியை வைத்து எடுத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் விளக்கின் உருவம் அதன் முதுகில் அப்படியே தெரியும். கூர்மையான ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தால் டிஃப்யூசர் வேலை செய்யவில்லை. ஓரம் மெதுவாகக் கரைந்து போகும் அகலமான ஒரு மெழுகு வெளிச்சம் இருந்தால் சரி. சிவப்பு அந்த வெளிச்சத்துக்கு அடியிலும் சிவப்பாகவே தெரிகிற வரை தாளையும் இடைவெளியையும் மாற்றிக்கொண்டே இருங்கள். எனக்கு நாலைந்து ராத்திரி ஆனது.

பின்னணி கறுப்பாகிப் போவது அடுத்த புகார். ஃபிளாஷ் வெளிச்சம் தூரம் இரட்டித்தால் கால் பங்காகிவிடும், ஒரு அடிக்குப் பின்னால் இருக்கும் இலைக்குப் போய்ச் சேராது. பின்னால் ஒரு பழுத்த இலையோ பச்சை இலையோ கிட்டே வருகிற மாதிரி கோணத்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஐஎஸ்ஓவை 400, 800-க்கு ஏற்றி, அதற்கேற்ப ஃபிளாஷ் பவரைக் குறையுங்கள்.

ஆடி மாசக் காற்றில் மதுரைப் பக்கம் வெளியே மேக்ரோ எடுப்பது வீண் வேலை, அந்த நாட்களை வீட்டுக்குள் செலவழியுங்கள். அம்மாவின் சுங்குடிச் சேலை இருந்தால் ஒரு மூலையை அட்டையில் இழுத்துப் பின் குத்தி, நேர் மேலிருந்து எடுங்கள். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த துணி என்றால் எந்த இரண்டு புள்ளியும் ஒரே மாதிரி இருக்காது, ஓரத்தில் சாயம் இழை இழையாக உள்ளே கசிந்திருப்பது தெரியும். நான்கு மூலையும் ஒரே ஷார்ப்பாக வரும் வரை கேமராவைத் துணிக்கு இணையாக நகர்த்துங்கள். இது வெளியே அப்படியே உதவும்: தட்டானோ புழுவோ, அதன் உடம்பு நீளத்துக்கு இணையாக சென்சார் இருந்தால் அந்த அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே தலைமுதல் வால்வரை அடங்கிவிடும்.

மல்லிகை மொக்கை வைத்து ஃபோகஸ் ஸ்டாக்கிங் பழகலாம். ஒரே கோணத்தில் ஃபோகஸை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படம் எடுத்து, ஷார்ப்பான பகுதிகளை மென்பொருளில் சேர்ப்பது. மொக்கின் ஆழம் 5 மி.மீ., ஒரு படத்துக்கு 0.6 மி.மீ. ஷார்ப் என்றால், ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி 0.4 மி.மீ. நகர்த்த வேண்டும், ஆக ஒரு பதிமூன்று படம். ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் இரண்டும் இதற்கென்றே உள்ளவை, ஃபோட்டோஷாப்பிலும் செய்யலாம். ஃபேனை நிறுத்துங்கள், யாரும் நடமாடாத நேரமாகப் பாருங்கள், முக்கியமாக மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். பொழுது சாயத் தொடங்கினால் மொக்கு விரிய ஆரம்பித்துவிடும், முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவில் இதழ் நகர்ந்து சேர்த்த படத்தில் இரட்டைக் கோடு விழும்.

வெளியே போகத் தயாரானால் மார்கழி, தை அதிகாலைதான் நமக்குப் பொற்காலம். குளிரில் பூச்சிகள் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கும், மேலே பனித்துளியும் இருக்கும், வெயில் ஏறி உடம்பு சூடாகும் வரை நகராது. ஆறரையிலிருந்து எட்டு வரை. கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரமோ, வண்டியூர்க் கண்மாய்க் கரையோ, உங்கள் ஊர் வேலியோரமோ, எங்கே போனாலும் முதலில் எருக்கஞ்செடியைத் தேடுங்கள். ஒரே செடியில் மஞ்சள் அசுவினிக் கூட்டம், அதைத் தின்ன வந்த பொறிவண்டு, வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிப் புழு, சில நாள் நீலமும் மஞ்சளுமாக எருக்கு வெட்டுக்கிளி எல்லாம் கிடைக்கும். இலையை மட்டும் ஒடிக்காதீர்கள். அந்தப் பால் கையில் பட்டு, அதே கை கண்ணுக்குப் போனால் பெரிய வினை, கண்ணை வைத்துத்தானே நமக்கு வேலையே.

பிடிக்கும் முறை இதுதான்: இடது கை விரலால் செடியின் தண்டை லேசாகப் பிடித்து, அதே கையின்மேல் லென்ஸை ஊன்றுங்கள். செடி ஆடினால் லென்ஸும் கூடவே ஆடும், இரண்டுக்கும் இடைத்தூரம் மாறாது. ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல், உடம்பை மயிரிழை அளவு முன்னும் பின்னும் சாய்த்து, கண் ஷார்ப்பாகும் நொடியில் மூச்சை விட்டபடி அழுத்துங்கள். பத்துக்கு ஒன்று தேறினால் நன்றாகவே எடுக்கிறீர்கள்.

அழகர்கோவில் பக்கம் மாந்தோப்பில் முசுறு எறும்பை (இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு) தேடிப் போன ஒரு காலையில், கூட்டத்தில் ஒன்று மட்டும் வித்தியாசமாகத் தாவியது. பெரிதாக்கிப் பார்த்தால் அது எறும்பே இல்லை. எட்டுக் கால், முன்னங்கால் இரண்டையும் மீசை மாதிரி தூக்கி ஆட்டிக்கொண்டு, நெற்றியில் இரண்டு பெரிய கறுப்புக் கண் கண்ணாடி மணி மாதிரி. முசுறைப் போலவே வேஷம் போட்ட தாவும் சிலந்தி. அந்த இனத்தில் ஆணுக்குத் தாடை முன்னால் நீண்டு, ஒரு எறும்பு இன்னொரு எறும்பைத் தூக்கிப் போகிற மாதிரியே இருக்கும். கண்ணில் டிஃப்யூசரின் வெள்ளைச் சதுரம் மெதுவாகக் கரைந்து விழுந்திருந்தது, குண்டுமணியோடு உட்கார்ந்த ராத்திரிகள் எல்லாம் அந்த ஒரு படத்தில் தெரிந்தன. முசுறு மரத்தடிக்குப் போனால் பேண்ட்டை சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளுங்கள், புதர்ப் பக்கம் விரியன் இருக்கும், ஷூ இல்லாமல் முழங்கால் போடாதீர்கள்.

மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டிக்குப் போகிறவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது, கல்லைப் புரட்டுவது, செடியை வளைத்துக் கட்டுவது எதுவும் வேண்டாம். அங்கே என்றில்லை, எங்கேயுமே பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து விறைக்க வைத்து எடுப்பது, பசை போட்டு ஒட்டுவது எல்லாம் செய்யாதீர்கள். பொறுமையாக உட்கார்ந்தால் நிஜமாகவே கிடைக்கிறது.

மல்லிகைத் தோட்டத்தில் இறங்குவதானால் கேட்டுவிட்டு இறங்குங்கள், மருந்து அடித்து எத்தனை நாள் ஆச்சு என்றும் கேளுங்கள். திருமங்கலம் தாண்டி ஒரு தோட்டத்தில் நான் வரப்பில் குப்புறக் கிடந்தபோது தோட்டக்காரர் வந்து, "தம்பி, என்னத்தப் படம் புடிக்கிற?" என்றார். "மொக்குப்புழுண்ணே" என்று திரையைக் காட்டினேன். ஊதா நிறம் ஏறிய மொக்கு, பக்கத்து மொக்கோடு நூல் இழுத்துப் பின்னியிருந்தது, வட்டமான துளை வழியே புழுவின் கறுத்த தலை எட்டிப் பார்த்தது. கண்ணைச் சுருக்கி ரொம்ப நேரம் பார்த்தார். "தெனமும் கையில கிள்ளிப் போடுறேன், இதுக்கு மூஞ்சி இப்படித்தான்னு இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றவர், செல்லுக்கு அனுப்பச் சொல்லி நம்பரைக் கொடுத்துவிட்டு, அந்தப் பாத்தியில் இன்னும் இரண்டு இருக்கிறது என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.